அருகிவரும் காட்டுயிர்களைப் படமெடுக்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

பொள்ளாச்சி, வால்பாறை, நீலகிரிப் பக்கம் காட்டுயிர்களைப் படமெடுக்கப் புதிதாக வருகிறவர்கள் கேட்பவை ஏறக்குறைய ஒரே மாதிரியான கேள்விகள்தாம். "எந்த லென்ஸ் வாங்கலாம்?" என்பதில் தொடங்குவார்கள். "இதனால் அந்த விலங்குக்கு ஏதாவது பயன் உண்டா?" என்பதற்கு வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். இங்கே வரிசையைத் தலைகீழாக்கியிருக்கிறேன். மேற்குத் தொடர்ச்சி மலையை மனத்தில் வைத்தே பதில் எழுதியிருக்கிறேன். வெளியிடத்துக் கதைகள் தேவைப்பட்ட இடத்தில் மட்டும் வரும்.

நல்ல படம் ஒன்று கிடைத்துவிட்டால் அந்த உயிரினத்தைக் காப்பாற்றிவிட முடியுமா?

படம் தானாக எதையும் காப்பாற்றுவதில்லை. குறிப்பிட்ட ஒருவரைக் குறிப்பிட்ட ஒன்றைச் செய்யவைக்கும் படம்தான் பயன்படுகிறது. இதற்கு நான் எப்போதும் சொல்லும் சான்று நாகாலாந்தின் பாங்டி கிராமம்.

அமூர் வல்லூறுகள் கிழக்கு ஆசியாவிலிருந்து ஆப்பிரிக்காவின் தென்பகுதிக்கு வலசை போகும் வழியில் அங்குள்ள டோயாங் நீர்த்தேக்கத்தருகே பெருங்கூட்டமாகத் தங்கும். அவற்றை வலைவிரித்துப் பிடித்து, இறகு பறித்து விற்பது அங்கே பருவத்தொழிலாக இருந்தது. 2012-இல் பானோ ஹராலு, ராம்கி சீனிவாசன், ஷஷாங்க் தல்வி, ரொகோஹேபி குவோட்சு ஆகிய காட்டுயிர் ஆர்வலர்கள் அங்கே போய் நடந்ததை அப்படியே படமாகவும் காணொளியாகவும் பதிவுசெய்தார்கள். ஒரு பருவத்தில் 1,20,000 முதல் 1,40,000 பறவைகள் வரை கொல்லப்படுவதாக மதிப்பிட்டார்கள். அந்தப் படங்களில் பொன்னொளியும் இல்லை, மங்கலான பின்னணியும் இல்லை. வலையில் சிக்கித் தொங்கும் பறவைகளும், கொத்துக்கொத்தாகக் கட்டித் தூக்கிச்செல்லும் மனிதர்களும்தான். படத்தோடு இடம், எண்ணிக்கை, முறை, யார் என்ன செய்ய வேண்டும் என்ற கோரிக்கை எல்லாம் சேர்ந்து போயின. கிராம மன்றங்கள், தேவாலயங்கள், வனத்துறை, அமைப்புகள் எனப் பலரும் கைகோத்தார்கள். 2013-இல் அங்கே வேட்டை நின்றது. அந்த ஆண்டு செயற்கைக்கோள் கருவி பொருத்தி விடப்பட்ட மூன்று பறவைகளில் ஒன்றுக்குப் பாங்டி என்றே பெயர் வைத்தார்கள்.

அமூர் வல்லூறு அழிவின் விளிம்பில் இருக்கும் பறவை இல்லை. ஒரே இடத்தில் இத்தனை ஆயிரம் கொல்லப்பட்டால் எத்தனை நாள் அப்படி இருக்கும் என்பதுதான் கேள்வி. ஆக, பொத்தானை அழுத்துமுன் "இது யாருக்கு?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். கீழே வரும் பதில்களில் பாதி இந்த ஒரு கேள்வியிலிருந்து பிறந்தவை.

எந்த விலங்கில் தொடங்கலாம்? புலியா?

தயவுசெய்து வேண்டாம். புலிக்குப் படப் பஞ்சம் இல்லை. 2018-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மட்டும் நாடு முழுவதும் 26,838 இடங்களில் தானியங்கிக் கேமராக்கள் வைக்கப்பட்டு மூன்றரைக் கோடிக்கும் சற்றுக் குறைவான படங்கள் கிடைத்தன. அவற்றில் 76,651 புலிப் படங்கள். ஒரு புலியை இருபது ஜீப் சூழ்ந்து நின்று எடுக்கும் இன்னொரு படம் யாருக்கும் புதிதாக எதையும் சொல்லப்போவதில்லை.

பாறுகளில் தொடங்குங்கள். பிணந்தின்னிக் கழுகு என்று ஊரில் சொல்லப்படும் இவற்றை அழகு என்று யாரும் சொல்வதில்லை. நாட்காட்டியில் போடுவதில்லை. ஆனால் இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகள் 1992-க்கும் 2007-க்கும் இடையில் 99 விழுக்காட்டுக்கும் மேல் அழிந்தன. காரணம் டைக்ளோபினாக். கால்நடைக்குப் போடும் வலிநிவாரணி மருந்து. மருந்து ஏற்றப்பட்ட மாடு இறந்து, அதைத் தின்ற பாறு சிறுநீரகம் செயலிழந்து சாகிறது. பாகிஸ்தானில் நடந்த ஆய்வு இதை 2004-இல் உறுதிசெய்தது. 2006-இல் கால்நடைப் பயன்பாட்டுக்கு இந்தியா தடைவிதித்தது. மனிதர்களுக்கான பெரிய குப்பிகளை வாங்கி மாட்டுக்குப் போடுவது தொடர்ந்ததால் 2015-இல் குப்பியின் அளவு 3 மில்லியாகக் குறைக்கப்பட்டது. பாறுகளுக்கு இதே போல் தீங்கு செய்யும் கீட்டோபுரோபென், அசிக்ளோபினாக் ஆகிய மருந்துகளுக்கு 2023-இல் தடை வந்தது.

தமிழ்நாட்டில் இவற்றுக்கு எஞ்சியிருக்கும் முக்கியமான இடம் மாயாற்றுப் பள்ளத்தாக்கு. வெண்முதுகுப் பாறு, கருங்கழுத்துப் பாறு, செந்தலைப் பாறு, மஞ்சள்முகப் பாறு என நான்கும் அங்கே உண்டு. இவற்றில் முதல் மூன்றும் மிக அருகிய இனங்கள். நீங்கள் எடுக்கும் பாறுப் படம் போய்ச்சேர வேண்டிய இடம் கால்நடை மருந்தகத்தின் சுவர். படத்தின் கீழே "வலிக்கு மெலாக்சிகாம் கேளுங்கள்" என்று ஒரு வரி. பாறுக்குத் தீங்கு செய்யாத மாற்று மருந்து அது. புலி அடித்த மாட்டின் மேல் நஞ்சு தெளித்துப் பழிவாங்கினால் புலியோடு பாறுகளும் கூட்டமாகச் சாகும் என்பதையும் அதே சுவரில் சொல்லலாம்.

வரையாட்டை எங்கே, எப்போது எடுக்கலாம்?

தமிழ்நாட்டின் மாநில விலங்கு. ஆனைமலையின் புல்மலைகள், நீலகிரியின் முக்கூர்த்தி, கேரளப் பக்கம் இரவிகுளம் ஆகியவை முக்கிய வாழிடங்கள். இரவிகுளத்தின் ராஜமலையில் மனிதரைக் கண்டு மிரளாத மந்தைகள் பாதையோரமே மேயும் என்பதால் புதியவர்களுக்கு அது எளிது. ஆனால் குட்டி ஈனும் காலத்தில், பொதுவாகப் பிப்ரவரியிலும் மார்ச்சிலும், அந்தப் பூங்கா மூடியிருக்கும். "குட்டி இருக்கும்போதுதானே படம் அழகாக வரும்?" என்று கேட்கிறவர்களுக்கு என் பதில்: அதனால்தான் மூடுகிறார்கள்.

ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் சாலையிலும் கொண்டை ஊசி வளைவுகளின் ஓரத்தில் வரையாடு நிற்கும். அங்கே நடக்கும் கூத்தைச் சொல்லி மாளாது. வண்டியை வளைவிலேயே நிறுத்துவது, முறுக்கு நீட்டுவது, கொம்பைப் பிடித்துப் படமெடுத்துக்கொள்வது. கொம்பைப் பிடித்தவர்கள் கைதானதும் உண்டு. வண்டி நிறுத்த இடமுள்ள வளைவில் மட்டும் நிறுத்துங்கள். முடிந்தால் வண்டிக்குள் இருந்தே எடுங்கள்.

வரையாட்டை நெருக்கமாக மட்டும் எடுக்கிறவர்கள் பாதிக் கதையை விட்டுவிடுகிறார்கள். அதன் சிக்கல் அதன் உடம்பில் இல்லை, நிற்கும் நிலத்தில் இருக்கிறது. ஆங்கிலேயர் காலத்திலும் அதன் பிறகும் புல்வெளிகளில் நடப்பட்ட சீகை, தைலம், பைன் மரங்கள் மேய்ச்சல் நிலத்தை விழுங்கிவிட்டன. சீகை தானாகவே பரவவும் செய்கிறது. ஒரு பக்கம் புல், மறுபக்கம் நெருங்கிவரும் சீகைக் காடு, நடுவே மந்தை என்று அகலமாக எடுங்கள். தமிழ்நாடு அரசு 2022-இல் 25.14 கோடி ரூபாயில் வரையாட்டுத் திட்டத்தை அறிவித்தபோது புல்வெளி மீட்பும் அதில் சேர்ந்தே இருந்தது. 1975-இல் இந்த விலங்கை எண்ணி ஆராய்ந்த ஈ. ஆர். சி. டேவிதாரின் நினைவாக அக்டோபர் 7 வரையாடு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. பள்ளிக்கு ஒரு படக்காட்சி நடத்த நினைப்பவர்களுக்கு நல்ல நாள்.

சிங்கவால் குரங்கைப் படமெடுத்தால் எப்போதும் கருப்புத் திட்டாக வருகிறது. ஏன்?

கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். கரிய உடல், வெள்ளிப் பிடரி, பின்னால் மழைக்காட்டின் நிழல் என்றால் அது படத்தை வெளுக்கவைத்துப் பிடரியின் இழைகளை எரித்துவிடும். ஒளியளவை ஒரு படிக்குச் சற்றுக் குறைவாக இறக்குங்கள். அதே குரங்கு மர உச்சியில் வானத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தால் தலைகீழ்: உடல் முழுக் கருமையாகிவிடும், ஒரு படி ஏற்ற வேண்டும். இரண்டுக்கும் இடையில் ஓடிக்கொண்டே இருக்கும் விலங்கு என்பதால் கைகள் பழகும்வரை பொறுமை வேண்டும். சோலைக்குள் வெளிச்சம் குறைவு. கேமராவின் ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ.வை 3200-க்குக் கொண்டுபோகத் தயங்காதீர்கள். புள்ளிகள் விழுந்த கூர்மையான படம், வழவழப்பான அசைந்த படத்தைவிட மேல்.

எதை எடுப்பது என்பது அடுத்த கேள்வி. சோலைமந்தி என்றும் அழைக்கப்படும் இந்தக் குரங்கு மேற்குத் தொடர்ச்சி மலை தவிர உலகில் வேறெங்கும் இல்லை. 1970-களில் கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் நீர்மின் அணை கட்டவிருந்தபோது எழுந்த எதிர்ப்பின் முகமாக இருந்ததும் இதுதான். அணை கைவிடப்பட்டு 1984-இல் அந்தக் காடு தேசியப் பூங்கா ஆனது. மரத்தைவிட்டு அதிகம் இறங்காத இந்த விலங்கு, வால்பாறையின் புதுத்தோட்டம் பகுதியில் தேயிலைக்கு நடுவே துண்டான காட்டில் வாழ்வதால் சாலையைத் தரைவழியே கடக்கிறது. வீட்டுக் கூரையிலும் குப்பைத் தொட்டியிலும் உட்கார்கிறது. சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள். குரங்குகள் அதில் போவதை எடுங்கள். கீழே விரையும் பஸ்ஸும் மேலே குட்டியைச் சுமந்த தாயும் ஒரே படத்துக்குள் வந்தால், வேகத்தடை கேட்டுக் கொடுக்கும் மனுவோடு இணைக்க அதைவிடப் பொருத்தமான படம் கிடைக்காது.

எவ்வளவு நெருங்கலாம்?

மீட்டர் கணக்குச் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. விலங்கு செய்துகொண்டிருந்ததை நிறுத்திவிட்டு உங்களைப் பார்த்தால், நீங்கள் ஏற்கெனவே அதிகமாக நெருங்கிவிட்டீர்கள். வரையாடு தலை தூக்கிச் சீழ்க்கை அடித்தால், யானை காதை விரித்து அசையாமல் நின்றால், பறவை இரையைத் தொடாமல் கிளை மாறிக்கொண்டே இருந்தால், பின்வாங்குங்கள். "நேராகக் கண்ணைப் பார்த்த படம்" என்று பாராட்டப்படும் பல படங்கள், விலங்கு அஞ்சிய நொடியில் எடுக்கப்பட்டவை.

கூட்டில் இருக்கும் பறவையை எடுக்கலாமா?

கூடாது. இருவாச்சியை எடுத்துக்கொள்வோம். பெண் பறவை மரப்பொந்துக்குள் போய் வாயிலை அடைத்துக்கொண்டு, ஒரு சிறு பிளவை மட்டும் விட்டுவைக்கும். முட்டையிட்டுக் குஞ்சு வளரும்வரை, மாதக்கணக்கில், அந்தப் பிளவு வழியே ஆண் கொண்டுவந்து ஊட்டுவதுதான் உள்ளே இருப்பவற்றின் உணவு. மரத்தடியில் நான்கு பேர் முக்காலி விரித்து நின்றால் ஆண் வராது. தொலைவில் ஒரு கிளையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கும், பிறகு போய்விடும். நீங்கள் "இன்று பறவை வரவில்லை" என்று சலித்துக்கொண்டு கிளம்புவீர்கள். உள்ளே பசி. பாறும் இதே போல்தான். பெரும்பாலான பாறுகள் இடுவது ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டை. அது தவறினால் அந்த ஆண்டு தவறியது.

கூட்டுப் படங்களை ஏற்பதில்லை என்று பல போட்டிகள் அறிவித்திருக்கின்றன. இருவாச்சியை அத்திமரம் பழுத்திருக்கும்போது எடுங்கள். ஒரே மரத்துக்கு நாள் முழுக்க வந்துபோகும். படமும் கூட்டுப் படத்தைவிட நன்றாக இருக்கும்.

தவளை, பாம்பு போன்ற சிறு உயிர்களுக்கு இவ்வளவு கட்டுப்பாடு தேவையா?

இன்னும் அதிகமாகவே தேவை. யானைக்குக் கோபம் வந்தால் தெரிந்துவிடும், தவளைக்கு வந்தால் தெரியாது.

கேலக்ஸி தவளை என்று ஒன்று உண்டு. விரல்நுனி அளவு, கரிய உடலில் வெளிர்நீலப் புள்ளிகள். மழைக்காட்டில் மட்கிய மரத்துண்டுகளின் அடியிலும் கற்களின் அடியிலும் வாழ்கிறது. கேரளக் காடு ஒன்றில் ஆய்வாளர் 2020-இல் கண்ட ஏழு தவளைகள், அடுத்த முறை போனபோது இல்லை. மரத்துண்டுகள் உடைத்துப் புரட்டப்பட்டிருந்தன. படமெடுக்க வந்த குழுக்கள் தவளைகளைக் கையில் எடுத்து, பாசி படர்ந்த துண்டின் மேல் வைத்து, ஒளி பாய்ச்சிப் படமெடுத்திருக்கின்றன என்பது காட்டு வழிகாட்டி வழியே தெரியவந்தது. அந்தப் படங்களும் எங்கோ ஒரு பக்கத்தில் "காப்போம்" என்ற சொல்லோடு வெளியாகியிருக்கக்கூடும்.

கல்லைப் புரட்டாதீர்கள். புரட்டியே ஆக வேண்டிய ஆய்வு என்றால் அதற்கு அனுமதி வாங்கியவர் இருப்பார், அவர் புரட்டட்டும். தவளையின் தோல் வழியே மூச்சும் நீரும் போய்வருகின்றன. கொசுவிரட்டி பூசிய கையால் தொட்டால் அதற்கு நஞ்சு.

இரவில் தேவாங்கை எடுக்க ஃபிளாஷ் பயன்படுத்தலாமா?

தேவாங்கின் முகத்தில் பாதி கண். அரை இருளில் பூச்சி பிடிக்கப் பழகிய கண் அது. அதில் ஃபிளாஷ் அடித்துவிட்டு "அழகான கண்கள்" என்று எழுதுவது எனக்கு உவப்பில்லை. மங்கலான சிவப்பு விளக்கு, அதிக ஐ.எஸ்.ஓ., ஓரிரு படங்கள், பிறகு அகன்றுவிடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். கரூர், திண்டுக்கல் மாவட்டங்களின் கடவூர்ப் பகுதியில் 2022-இல் தேவாங்குக்கெனச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. 11,806 எக்டேர். அங்கே இரவில் போக வனத்துறையின் அனுமதி வேண்டும்.

இரவுச் சவாரி என்று விடுதிகள் சில அழைத்துப்போகும் பயணங்கள் பற்றியும் கேட்கிறார்கள். முதுமலை வழியே பந்திப்பூர் போகும் சாலையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்தே தடைசெய்யப்பட்டிருக்கிறது, விலங்குகள் அடிபடுவதால். அப்படிப்பட்ட காட்டின் ஓரத்தில் விளக்கடித்து யானை தேடுவது சட்டப்படியும் தவறு, அறிவுடைமையும் ஆகாது.

இரை வைத்து, அல்லது பறவையின் குரலை ஒலிபரப்பி வரவழைக்கலாமா?

வேண்டாம். குரல் கேட்டு வரும் பறவை எதிரி தன் எல்லைக்குள் நுழைந்துவிட்டதாக நினைத்து வருகிறது. அந்த நேரத்தில் அது இரை தேடவில்லை, இணையைக் காக்கவில்லை.

அனுமதி வாங்க வேண்டுமா?

சுற்றுலாவுக்குத் திறந்திருக்கும் பகுதியில் நுழைவுச் சீட்டும் கேமராக் கட்டணமும் பொதுவாகப் போதும். அதைத் தாண்டி உள்ளே போகவோ, ஆவணப்படம் எடுக்கவோ தலைமை வனஉயிரினக் காப்பாளரின் எழுத்து அனுமதி வேண்டும். 1972-ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் 28-ஆம் பிரிவில் படமெடுப்பதற்கான அனுமதியைக் குறிப்பிடுகிறது. 2022-இல் வந்த திருத்தம், வாழிடத்தை மாற்றாமலும் விலங்குக்குக் கேடு செய்யாமலும் எடுக்க வேண்டும் என்பதைச் சேர்த்தது. விண்ணப்பத்தில் "விழிப்புணர்வுக்காக" என்று மட்டும் எழுதினால் யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். எந்த இனம், எந்தச் சிக்கல், படம் யாருக்குப் போகும் என்று எழுதுங்கள். பிறகு காத்திருங்கள், நிறையக் காத்திருங்கள்.

டிரோன்?

பாதுகாக்கப்பட்ட காட்டுக்குள் அனுமதியின்றிப் பறக்கவிடக் கூடாது. பாறைமுகட்டில் கூடுகட்டும் பாறுகளுக்கு அருகே எந்தச் சூழலிலும் கூடாது.

விலையுயர்ந்த கேமரா இல்லாவிட்டால்?

காட்டுயிர்ப் புகைப்படக்காரர் மா. கிருஷ்ணனை நினைத்துக்கொள்ளுங்கள். எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன், 1912-இல் பிறந்து 1996-இல் மறைந்தவர். பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே உருவாக்கிய ஒரு கருவிக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று கிண்டலாகப் பெயர் வைத்து, கருப்பு-வெள்ளையில் எடுத்தார். அந்தப் படங்களில் ஒரு யானைக்கும் இன்னொரு யானைக்கும் உள்ள வேறுபாடு தெரியும். கருவியைவிட அவருக்குத் தெரிந்திருந்தது யானை.

நடைமுறையாகச் சொன்னால்: பழைய கேமரா உடல் ஒன்றும் 100–400 அல்லது 150–600 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றும் போதும். முக்காலிக்குப் பதில் பயறு நிரப்பிய துணிப்பையை வண்டியின் சன்னலில் வைத்துக்கொள்ளலாம். மிச்சமாகும் பணத்தில் இருநோக்கி வாங்குங்கள். வாழிடத்தையும் குப்பையையும் சாலையையும் எடுக்கக் கைபேசியே போதுமானது, பல நேரம் அந்தப் படங்கள்தாம் கடைசியில் வேலை செய்கின்றன.

விலங்கோடு நானும் இருக்கும் படம் போட்டால் அதிகம் பேர் பார்க்கிறார்களே?

பார்க்கிறார்கள். பார்த்துவிட்டு என்ன நினைக்கிறார்கள் என்பதை அமெரிக்காவில் 2011-இல் வெளியான ஓர் ஆய்வு சோதித்தது. சிம்பன்சி தனியாக இருக்கும் படத்தைச் சிலருக்கும், அருகே மனிதர் நிற்கும் படத்தைச் சிலருக்கும் காட்டினார்கள். மனிதரோடு பார்த்தவர்கள், காட்டில் சிம்பன்சிகள் நலமாகவே இருக்கின்றன என்று நினைக்கும் வாய்ப்பு 35.5 விழுக்காடு கூடுதலாக இருந்தது. அதை வீட்டில் வளர்க்கலாம் என்ற எண்ணமும் கூடியது. குரங்குக்குப் பழம் ஊட்டும் செல்ஃபியின் கீழே நீங்கள் எழுதும் "அருகிவரும் இனம்" என்ற சொற்களைப் படம் அடித்துச் சாப்பிட்டுவிடும்.

எடுத்த இடத்தைச் சொல்லலாமா?

மாவட்டம் அல்லது மலைத்தொடர் அளவில் சொல்லுங்கள், அதற்குக் கீழே வேண்டாம். படக்கோப்பில் ஜி.பி.எஸ். விவரம் ஒட்டிக்கொண்டிருக்கும், வெளியிடுமுன் நீக்குங்கள். நட்சத்திர ஆமை, தேவாங்கு, அரிய தவளை, பாறுக் கூடு ஆகியவற்றில் இது கட்டாயம். கடத்துகிறவர்களுக்கு நம் பக்கங்கள் இலவச வழிகாட்டி ஆகிவிடக் கூடாது. பொதுமக்கள் கண்ட உயிரினங்களைப் பதியும் ஐநேச்சுரலிஸ்ட், ஈபேர்ட் போன்ற தளங்கள் அச்சுறுத்தலில் உள்ள இனங்களின் துல்லிய இடத்தைத் தாமே மறைக்கின்றன. ஆகவே அறிவியலுக்கு உதவ நினைத்தால் அங்கே முழு விவரத்தோடு பதியலாம். நண்பர் தனியே கேட்டாலும் சொல்லாதீர்கள். அவருக்கும் நண்பர்கள் இருப்பார்கள்.

படக்குறிப்பில் என்ன எழுதுவது?

உறுதியாகத் தெரிந்ததை மட்டும். கனடாவின் வடகோடியில் எலும்பும் தோலுமாகத் தள்ளாடிய ஒரு பனிக்கரடியின் காணொளி 2017 டிசம்பரில் உலகைச் சுற்றிவந்தது. பால் நிக்லன், கிறிஸ்டினா மிட்டர்மையர் குழுவினர் எடுத்தது. நேஷனல் ஜியாகிரஃபிக் அதன்மேல் 'பருவநிலை மாற்றம் இப்படித்தான் இருக்கும்' என்ற பொருளில் வரி ஒன்றைப் பதித்தது. ஆனால் அந்தக் குறிப்பிட்ட கரடி நோயாலா, முதுமையாலா, பசியாலா நலிந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. மறு ஆண்டு மிட்டர்மையர் அதைப் பற்றி வெளிப்படையாக எழுதினார், இதழும் வரம்பு மீறியதை ஒப்புக்கொண்டது. பனி உருகுவதும் கரடிகள் தவிப்பதும் உண்மை. ஆனால் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு மறுப்பாளர்கள் எல்லாவற்றையும் பொய் என்றார்கள்.

வால்பாறைக் குரங்குப் படத்துக்கு நான் எழுதுவதானால் இப்படி எழுதுவேன்: "சிங்கவால் குரங்கு, வால்பாறை. காடு துண்டானதால் சாலையைக் கடந்தே உணவு தேடுகிறது. இங்கே வண்டியை மெதுவாக ஓட்டுங்கள். எதையும் ஊட்டாதீர்கள். குப்பையை மூடி வையுங்கள்." உருக்கமாக இல்லைதான். ஆனால் படித்தவருக்குச் செய்வதற்கு மூன்று வேலை இருக்கிறது.

இறந்த, அடிபட்ட விலங்கின் படத்தை வெளியிடலாமா?

தேவை இருந்தால் வெளியிடலாம். மேற்கு வங்கத்தின் பாங்குராவில், கும்பல் எறிந்த தீப்பந்தத்தில் பற்றியெரியும் குட்டியோடு தாய் யானை ஓடும் பிப்லப் ஹஸ்ராவின் படம் 2017-இல் சாங்ச்சுவரி என்ற காட்டுயிர் இதழின் விருதைப் பெற்றது. பார்க்கச் சகிக்காத படம். யானை–மனிதர் மோதல் பற்றி நூறு கட்டுரை சொல்லாததை அது சொன்னது. புதுச்சேரிப் புகைப்படச் செய்தியாளர் செந்தில் குமரனின் புலி–மனிதர் மோதல் தொடரும் இதே வகைதான். அதில் புலியின் துன்பமும் உண்டு, புலியால் ஒருவரை இழந்த குடும்பமும் உண்டு. இரண்டாவதை விட்டுவிட்டு முதலாவதை மட்டும் காட்டுகிறவரைக் காட்டோரத்து ஊர் ஒருநாளும் நம்பாது.

சாலையில் அடிபட்ட விலங்கு என்றால் முதலில் வனத்துறைக்குச் சொல்லுங்கள். படம் எடுக்கும்போது இடம், நேரம், கிலோமீட்டர் கல் ஆகியவை பதிவாகட்டும். ஒரே வளைவில் திரும்பத் திரும்ப அடிபடுவது தெரிந்தால் அது வேகத்தடைக்கான சான்று. குடல் சரிந்த உடலை நெருக்கத்தில் காட்டினால் பார்ப்பவர் விரலால் தள்ளிவிட்டுப் போய்விடுவார்.

கணினியில் எவ்வளவு திருத்தலாம்?

ஒளி, நிறம், வெட்டு வரை. எடுத்த காட்சியில் இல்லாததைச் சேர்ப்பதும் இருந்ததை நீக்குவதும் கூடாது, செயற்கை நுண்ணறிவு வரைந்ததைக் காட்டில் எடுத்ததாகக் காட்டவும் கூடாது. லண்டனின் புகழ்பெற்ற காட்டுயிர்ப் புகைப்படப் போட்டியில் 2009-இல் முதற்பரிசு பெற்ற, வேலியைத் தாண்டும் ஓநாய், பழக்கப்பட்ட ஓநாய் என்று கண்டறியப்பட்டு விருது பறிக்கப்பட்டது. 2017-இல் ஒரு பிரிவில் வென்ற எறும்புதின்னி பாடம்செய்யப்பட்ட உடல் என்று 2018-இல் நீக்கப்பட்டது. கேமரா பதிந்த திருத்தாத மூலக் கோப்பை, அதாவது ரா (RAW) கோப்பை, பத்திரமாக வைத்திருங்கள். போட்டிக்கு மட்டுமில்லை, நீதிமன்றத்துக்கும் ஒருநாள் தேவைப்படலாம்.

கடல் உயிர்கள்? நான் ராமநாதபுரத்துக்காரன்.

உங்கள் பக்கம் ஆவுளியா என்னும் கடற்பசு இருக்கிறதே. பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு 2022-இல் கடற்பசுக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. கலங்கிய நீரில், கடற்புல் மேய்ந்துவிட்டு மூச்சுக்கு மட்டும் மூக்கை நீட்டும் விலங்கு. அழகான படம் கிடைப்பது அரிது. ஆனால் வலையில் சிக்கிய ஆவுளியாவை மீனவர்கள் வலையை அறுத்துவிட்டுக் கடலில் திருப்பிவிடும் கைபேசிக் காணொளிகளைப் பார்த்திருப்பீர்கள். ஆட்டம், இரைச்சல், பாதி நேரம் விரல் மறைத்த லென்ஸ். ஒரு மீனவர் எடுத்ததை அடுத்த கிராமத்து மீனவர் பார்க்கிறார் என்பதுதான் அதன் பலம். நீங்கள் படமெடுப்பதைவிட அவர்களுக்கு நீர் புகாத கைபேசி உறை வாங்கிக் கொடுப்பது பெரிய உதவியாக இருக்கும்.

எடுத்த படங்களை யாரிடம் கொடுப்பது?

வனச்சரக அலுவலகத்தில் நல்ல படங்களுக்கு எப்போதும் தட்டுப்பாடு. விளம்பரப் பலகையில் ஆப்பிரிக்க யானையைப் போட்டிருக்கும் அலுவலகங்களைக் கண்டிருக்கிறேன். உங்கள் படத்தை இலவசமாகக் கொடுங்கள், பெயர் போடச் சொல்லுங்கள். அந்த இனத்தை ஆய்வுசெய்யும் குழுவிடம் தேதியோடு கொடுங்கள். காதில் கிழிசல், கொம்பில் முறிவு போன்ற அடையாளங்கள் அவர்களுக்குப் பயன்படும். ஊராட்சி அலுவலகம், தேயிலைத் தோட்டத்தின் கணக்கர் அறை, பஸ் நிறுத்தம், அரசுப் பள்ளியின் சுவர் ஆகியவை சென்னையின் கண்காட்சிக் கூடத்தைவிடப் பயனுள்ள இடங்கள். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில் ஒரு மாலை திரைகட்டிக் காட்டினால் படங்களைப் பற்றிய திருத்தங்களும் கிடைக்கும். அந்தக் குரங்குகளை நாள்தோறும் பார்க்கிறவர்கள் அவர்கள்தாம்.

இதில் வருமானம் உண்டா?

மிகச் சிலருக்கு உண்டு. பெரும்பாலோர் திருமணப் படம் எடுத்து லென்ஸுக்குத் தவணை கட்டுகிறார்கள்.